அந்த நாவலைப் பேச விடுங்கள்: வாசகர் வட்டத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயலாளர் ஐயாவுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் ஏன் நின்றது என்பது உங்களுக்கே தெரியும். "சாதிப் பேச்சு வரும், வேண்டாம்" என்று சொல்லி அனுப்பினீர்கள். அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஜார்ஜ் ஸ்கைலர் 1931இல் எழுதிய 'பிளாக் நோ மோர்' நாவலைப் பேச இன்னொரு நாள் ஒதுக்கித் தாருங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

நிறுத்தியதைவிட, நிறுத்திய விதம்தான் மனசை அறுக்கிறது. அன்று பேச இருந்தவள் காலனித் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போகும் பெண். நாவல் ஆங்கிலத்தில்தான் கைக்குக் கிடைத்தது. அகராதியை வைத்துக்கொண்டு, பக்க ஓரமெல்லாம் பென்சிலில் பொருள் எழுதிப் படித்திருந்தாள். நடவு நேரம். அவளுடைய அம்மா அரைநாள் கூலியை விட்டுவிட்டு, காலில் சேறு காய்ந்தபடியே மகள் பேசுவதைக் கேட்க வந்திருந்தார். மாடிக் கதவில் பூட்டு. மைக்செட்காரருக்கு முந்தின நாளே சொல்லிவிட்டீர்கள். அந்தப் பெண்ணுக்கு ஒரு போன் செய்திருக்கலாமே ஐயா?

படித்துப் பார்த்துவிட்டா வேண்டாம் என்றீர்கள்? கறுப்பர்களை மூன்றே நாளில் வெள்ளையராக்கும் சிகிச்சையை ஒரு டாக்டர் கண்டுபிடிக்கிறார். கட்டணம் 50 டாலர். நியூயார்க்கில் கறுப்பர்கள் வாழும் ஹார்லெம் பகுதியே அங்கே போய் நிற்கிறது. சுருட்டை முடியை நீட்டிவிட்டுப் பிழைத்த அழகு நிலையம் படுத்துவிடுகிறது. சமத்துவம் பேசியே வாழ்ந்த தலைவர்களுக்கும் பிழைப்புப் போகிறது. ஸ்கைலர் ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. வெள்ளையனாக மாறிய மாக்ஸ், வெள்ளை இனவெறிச் சங்கத்துக்குள் புகுந்து தலைவர் மகளையே கட்டிக்கொள்கிறான். கடைசியில், மாறியவர்கள் அசல் வெள்ளையரைவிட வெளுப்பு என்று தெரிய வர, வெளுப்பே இழிவாகிவிடுகிறது.

நிறம் போனாலும் மேல் கீழ் போகவில்லை. நம்மூரில் தோலைப் பார்த்து யாரும் சாதி சொல்ல முடியாது. "எந்தத் தெரு?" என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்கள். அப்படியிருக்க, நம்மைவிட இந்த நாவல் யாருக்கு நெருக்கம்? அதில் ஆலைத் தொழிலாளர்கள் கூலிக்காக எழும்போது, தலைவன் உடம்பில் கறுப்பு ரத்தம் என்று ஒரு வதந்தி கிளப்பியே போராட்டத்தை உடைக்கிறார்கள். இதே டெல்டாவில், கீழ்வெண்மணியில், 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் குடிசையோடு எரிக்கப்பட்டார்கள். அதற்கு முன் நடந்ததும் கூலிப் போராட்டம்தான். இதைப் பேசினால் ஊர் கெட்டுவிடும் என்கிறீர்கள். பேசாமல் இருந்த காலத்தில் ஊர் என்ன நன்றாகவா இருந்தது? பட்டிமன்றத்துக்கும் பாராட்டு விழாவுக்கும் திறக்கிற கதவு, படித்துவிட்டு வந்த பிள்ளைக்குத் திறக்கக் கூடாதா?

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான். அந்த நாவலுக்கு ஒரு கூட்டம் வேண்டும், அந்தப் பெண்ணே பேச வேண்டும். நடவு முடிந்து வரும் ஒரு ஞாயிறாகப் பாருங்கள், அம்மாவுக்குக் கூலி போகாது. நாளைக் குறித்ததும், யார் மூலமாகவும் சொல்லி அனுப்பாமல், நீங்களே அவர்கள் வீட்டுக்குப் போய் அழைக்க வேண்டுமென்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வட்டத்தின் பழைய உறுப்பினன்,
குடமுருட்டிக் கரை