கிரேக்கக் கவிதைகள் தமிழில் வர உதவுங்கள்

அன்புள்ள வாசகர்களுக்கு வணக்கம்.

ஆஸ்திரேலியாவில் குடியேறிய கிரேக்கர்களின் எழுத்தை ஒரு தொகுப்பாகத் தமிழில் கொண்டுவர எங்கள் வாசகர் வட்டம் இரண்டு வருடமாக உழைத்துவருகிறது. ஆங்கிலத்தில் எழுதப்பட்டவற்றை நாங்களே மொழிபெயர்த்துவிட்டோம். கிரேக்கத்தில் எழுதப்பட்டவற்றில்தான் வேலை நிற்கிறது.

லேரோஸ் தீவில் 1921ல் பிறந்த திமித்ரிஸ் த்சலூமாஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1952ல் மெல்போர்னுக்குப் போய்ப் பள்ளி ஆசிரியரானார். வருடக்கணக்கில் கவிதையே எழுதவில்லை. மறுபடி எழுதியபோது கிரேக்கத்தில்தான் எழுதினார். 1983ல் வந்த இருமொழிப் பதிப்புதான் அவரை ஆஸ்திரேலியா முழுவதும் அறியவைத்தது. ஆங்கிலத்தில் எழுதியதெல்லாம் அப்புறம்தான். வாஸ்ஸோ கலமாராஸும் கிரேக்கத்தை விடவில்லை. மேற்கு ஆஸ்திரேலியப் புகையிலைத் தோட்டங்களில் பாடுபட்ட கிரேக்கர்களின் கதை அவருடையது.

இவர்களை ஆங்கிலம் வழியாகவே மொழிபெயர்த்துவிடலாமே என்று சிலர் கேட்டார்கள். முயன்று பார்த்தோம். கிரேக்கத்தில் 'க்ஸெனித்யா' என்று ஒரு சொல் உண்டு. அந்நிய மண், அங்கே வாழும் வாழ்வு, போனவருக்காக ஊரில் இருப்பவர் படும் ஏக்கம், எல்லாம் அதில் அடங்கும். நாட்டுப்பாடல்களில் இதற்கென்றே தனி வகை இருக்கிறது. ஆங்கிலத்தில் இது ஓரிடத்தில் 'வெளிநாடு' ஆகிறது, இன்னோரிடத்தில் 'நாடுகடத்தல்'. நம்மிடமோ 'பரதேசம்' என்ற சொல் இருக்கிறது. எந்த வரியில் அது பொருந்தும் என்று மூலத்தைப் படித்தவர்தான் சொல்ல முடியும். ஆகவே கிரேக்கம் அறிந்த ஒருவரை வரிக்கு வரி ஒப்பிட்டுத் திருத்த அமர்த்த வேண்டும். கேட்கும் பணத்தில் பெரும்பகுதி அவருடைய ஊதியத்துக்கு. மீதி, உரிமைத்தொகைக்கும் அச்சுக்கும்.

ஆங்கிலப் பகுதியில் அந்திகோனி கெஃபாலா இருக்கிறார். ருமேனியாவில் கிரேக்கக் குடும்பத்தில் பிறந்து, கிரீஸ், நியூசிலாந்து வழியாக சிட்னி வந்தவர். ஆங்கிலம் அவருக்கு நான்காவது மொழி. தகுந்த கவனம் கிடைக்காத எழுத்தாளர்களுக்காக, தன் நோபல் பரிசுப் பணத்தில் ஆஸ்திரேலிய நாவலாசிரியர் பேட்ரிக் வைட் நிறுவிய விருது இவருக்கு 2022ல் கிடைத்தது. சில வாரங்களில் காலமானார். அதே விருதை 1994ல் பெற்றவர் த்சலூமாஸ். இந்த இருவரையும் தமிழில் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் ஆசை.

முடிந்ததைக் கொடுங்கள், 100 ரூபாயும் பெரிய உதவிதான். 1,000 ரூபாயும் அதற்கு மேலும் தருபவர்களுக்கு ஒரு பிரதி அனுப்புவோம். பணத்தை வட்டத்தின் பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வரவு செலவுக் கணக்கு மாதக் கூட்டத்தில் வாசிக்கப்படும். கிரேக்கம் படித்தவர் யாரையாவது தெரிந்தால் அதையும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தொகுப்புக் குழுவினர்