விமானம் பறந்தது சரி, பங்குதாரருக்கு என்ன கிடைத்தது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் செயற்கை விமான எரிபொருள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மரக்கழிவு, குப்பை, இயற்கை எரிவாயு என்று எதை வைத்து வேண்டுமானாலும் விமானத்துக்கு எரிபொருள் தயாரிக்கலாம் என்பதைத் தலை சுற்றாமல் புரியும்படி எழுதியிருந்தார்கள், பாராட்டுகள். ஆனால் கடைசிப் பத்தியில் போகிற போக்கில் ஒரு வரி. இந்தத் தொழில்நுட்பத்தைக் கையில் வைத்திருக்கும் சிறு நிறுவனங்களின் பங்குகளைச் சிறு முதலீட்டாளர்கள் கவனித்து வரலாமாம். இப்போது கைபேசி ஆப் வழியாக இங்கிருந்தே அமெரிக்கப் பங்கு வாங்க முடிகிறது. அந்த ஒரு வரியை நம்பிப் பணம் போடுகிறவர் நிச்சயம் இருப்பார், அதனால்தான் எழுதுகிறேன்.

அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலம் துல்சா நகரில் சின்ட்ரோலியம் என்று ஒரு நிறுவனம் இருந்தது. 1984ல் தொடங்கி, 1998ல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் பட்டியலானது. அவர்கள் கையாண்ட அடிப்படை முறை புதிதல்ல, 1920களில் ஜெர்மனியில் ஃபிஷர், ட்ராப்ஷ் என்ற இருவர் கண்டுபிடித்ததுதான். எரிவாயுவை முதலில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயுவாக்கி, வினையூக்கியின் (வினையைத் தூண்டிவிடும் பொருள்) மேல் செலுத்தினால் மெழுகும் டீசலும் வரும். இதற்கு வழக்கமாகச் சுத்தமான ஆக்சிஜன் வேண்டும், அதைப் பிரித்தெடுக்கத் தனி ஆலை வேண்டும், அதற்கே பெரும் செலவாகும். சின்ட்ரோலியம் ஆக்சிஜனுக்குப் பதில் சாதாரணக் காற்றையே உள்ளே விட்டது. நல்ல யோசனைதான், அதில் குறை சொல்ல எதுவுமில்லை. மாரத்தான், டெக்ஸாகோ, ரெப்சால் என்று பெரிய எண்ணெய் நிறுவனங்கள் இந்த முறையைப் பயன்படுத்த உரிமம் வாங்கின, ஆஸ்திரேலிய அரசே வாங்கியது. இத்தனை பேர் வாங்கியிருக்கிறார்களே என்று சிறு முதலீட்டாளர் நம்பியதில் என்ன தப்பு?

உரிமம் வாங்கிய யாரும் இந்த முறையில் பெரிய ஆலை ஒன்றைக் கட்டவில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவில் ஸ்வீட்வாட்டர் என்ற பெயரில் போட்ட திட்டமும் கைவிடப்பட்டது. துல்சாவுக்குப் பக்கத்தில் கட்டூசா துறைமுகத்தில் நாளைக்கு 70 பீப்பாய் அளவில் ஒரு மாதிரி ஆலை மட்டும் வந்தது. பெரிய சுத்திகரிப்பு ஆலைகள் நாளைக்கு லட்சக்கணக்கான பீப்பாய் கையாள்கின்றன என்பதை வைத்து இந்த எழுபதை எடைபோட்டுக்கொள்ளுங்கள்.

அந்தச் சின்ன ஆலையில் தயாரான எரிபொருளில் 1,00,000 கேலனை அமெரிக்க விமானப்படை வாங்கியது. 2006 செப்டம்பர் 19 அன்று எட்வர்ட்ஸ் விமானதளத்திலிருந்து பி-52 குண்டுவீச்சு விமானம் ஒன்று கிளம்பியது. அதன் எட்டு என்ஜின்களில் இரண்டில் மட்டும் இந்த எரிபொருளும் வழக்கமான எரிபொருளும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றப்பட்டிருந்தன. டிசம்பரில் எட்டு என்ஜினிலும் ஊற்றிப் பறந்தார்கள். அடுத்த ஆண்டு அந்த ரக விமானம் இந்தக் கலவையில் பறக்கலாம் என்று சான்றிதழே கொடுத்துவிட்டார்கள். பங்கு வைத்திருந்தவருக்கு இதைவிட வேறென்ன சேதி வேண்டும்? விமானப்படையே வாடிக்கையாளர், இனி ஆர்டர் குவியும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் மாதிரி ஆலையைத் தொடர்ந்து ஓட்டக் காசில்லை, மூடிவிட்டார்கள். விமானப்படை மற்ற ரக விமானங்களைச் சோதிக்க வாங்கிய எரிபொருள் மலேசியாவில் ஷெல் எண்ணெய் நிறுவனம் நடத்தும் ஆலையிலிருந்து வந்தது. நிரூபித்துக் காட்டியது ஒருவர், விற்றது இன்னொருவர்.

அப்புறம் நிறுவனம் பாதை மாறியது. கோழி, மாட்டு இறைச்சியில் பெரிய கையான டைசன் ஃபுட்ஸுடன் சரிபாதிக் கூட்டாக லூசியானாவில் கைஸ்மர் என்ற இடத்தில், இறைச்சிக் கழிவுக் கொழுப்பிலிருந்து டீசல் எடுக்கும் ஆலை, ஆண்டுக்கு 7.5 கோடி கேலன் திறன். (இது ஃபிஷர்-ட்ராப்ஷ் முறையே அல்ல, கொழுப்பை ஹைட்ரஜனோடு வினைபுரிய வைப்பது. எந்தத் தொழில்நுட்பத்தை நம்பிப் பங்கு வாங்கினார்களோ அது ஓரமாக உட்கார்ந்துவிட்டது.) ஆலை கட்டக் கடன் வாங்க வெளியிட்ட பத்திரத்துக்கு உத்தரவாதம் கொடுத்தது டைசன். அதற்குக் கைம்மாறாக சின்ட்ரோலியம் பங்குகளை ஒரு சென்ட் விலையில் வாங்கிக்கொள்ளும் உரிமையை டைசன் பெற்றுக்கொண்டது. ஒரு சென்ட்! சந்தையில் டாலர் கொடுத்து வாங்கிய சாதாரணப் பங்குதாரரும், ஒரு சென்ட் கொடுப்பவரும் ஒரே வரிசையில்.

ஆலை 2010ல் ஓடத் தொடங்கி 2012 இறுதியில் நின்றது. 2013ல் பத்துப் பங்கை ஒன்றாக்கினார்கள், அதாவது 1,000 பங்கு வைத்திருந்தவர் கணக்கில் 100 என்று காட்டும். அதே ஆண்டின் இறுதியில் ரினியூவபிள் எனர்ஜி குரூப் என்ற நிறுவனத்துக்குச் சொத்துகளை விற்க ஒப்பந்தம் போட்டார்கள், 2014ல் கைமாறியது, சின்ட்ரோலியம் கலைக்கப்பட்டது. வாங்கியவர்கள் டைசனின் பாதியையும் வாங்கி ஆலையை ஓட்டினார்கள். 2022ல் அந்த ரினியூவபிள் எனர்ஜி குரூப்பையே எண்ணெய் நிறுவனமான செவ்ரான் 315 கோடி டாலருக்கு வாங்கியது. கைஸ்மர் ஆலையும் அதில் சேர்த்தி. தொழில்நுட்பம் தோற்கவில்லை ஐயா. அது ஜெயிக்கும் நாளில் பழைய பங்குதாரர் அங்கே இல்லை.

இது பழைய கதை என்று சொல்லிவிடாதீர்கள். லண்டனில் சிறு நிறுவனங்களுக்கான ஏய்ம் பங்குச்சந்தையில் இருந்த வெலோசிஸைப் பாருங்கள். ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்து வந்த நிறுவனம், அதே ஃபிஷர்-ட்ராப்ஷ் வினையைச் சிறிய உலைகளில் நடத்துவது அவர்கள் திறமை. 2021ல் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று டோக்கியோவிலிருந்து சப்போரோவுக்கு மரச்சில்லில் இருந்து அவர்கள் உலை வழியாக எடுத்த எரிபொருளையும் கலந்துகொண்டு பறந்தது. இங்கிலாந்தில் இம்மிங்ஹாமில் பிரிட்டிஷ் ஏர்வேஸுடன் சேர்ந்து குப்பையிலிருந்து விமான எரிபொருள் எடுக்கும் திட்டம், அதற்கு 2022ல் அரசு 2.7 கோடி பவுண்ட் மானியம் ஒதுக்கியது. நல்ல சேதிக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் 2023ல் தேவையான முதலீடு திரளவில்லை. கடைசியில் ஒரு முதலீட்டாளர் குழு பங்குக்கு கால் பென்ஸ் (நூறு பென்ஸ் ஒரு பவுண்ட்) கொடுத்து, மொத்த நிறுவனத்தையும் சுமார் 41 லட்சம் பவுண்டுக்கு எடுத்துக்கொண்டது. ஒரே ஒரு திட்டத்துக்கு ஒதுக்கிய மானியத்தில் ஆறில் ஒரு பங்குகூட வரவில்லை. 2024 தொடக்கத்தில் பங்கு சந்தையிலிருந்தே போய்விட்டது. புதிய முதலாளிகள் அதே உலையை வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்கிறார்கள்.

ஏன் இப்படி நடக்கிறது என்பதைத்தான் உங்கள் கட்டுரை சொல்லியிருக்க வேண்டும். இந்தத் தொழிலில் ஆலை சின்னதாக இருந்தால் கட்டுப்படியாகாது, பெரிதாகக் கட்டினால் சிறு நிறுவனத்தால் தாங்காது. கத்தாரில் ஷெல் கட்டிய பேர்ல் ஆலை நாளைக்கு 1,40,000 பீப்பாய் எடுக்கிறது, செலவு 1,800 கோடி டாலர் அளவுக்குப் போனது. தென்னாப்பிரிக்காவில் நிலக்கரியிலிருந்து எண்ணெய் எடுத்த சசோல் அரசு தொடங்கிய நிறுவனம். பின்னால் அரசோ எண்ணெய் ராட்சதர்களோ இருந்தால்தான் வண்டி ஓடுகிறது. சிறு நிறுவனத்துக்கு ஆலை வரும்வரை வருமானம் கிடையாது, சம்பளமும் ஆராய்ச்சியும் நிற்காது, கையிருப்பு தீரும்போதெல்லாம் புதுப் பங்கு வெளியிட்டுப் பணம் திரட்டும். 10 கோடிப் பங்கு இருக்கும்போது நீங்கள் 10,000 வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். மேலும் 10 கோடி வெளியிட்டால் உங்கள் பங்கின் எண்ணிக்கை அப்படியேதான் இருக்கும், நிறுவனத்தில் உங்கள் உரிமை பாதியாகிவிடும். பிற்பாடு ஆலை வந்து லாபம் கொட்டினாலும் 20 கோடியால் வகுக்க வேண்டும். அதற்குள் இன்னொரு வெளியீடு வந்திருக்கும்.

இந்தக் கணக்கு சிறு முதலீட்டாளர் கண்ணில் படுவதில்லை. அவருக்கு வருவதெல்லாம் ஒப்பந்தம் கையெழுத்து, சோதனை வெற்றி, மானியம் என்ற செய்திகள். விலை இறங்கினால், இவ்வளவு நல்ல செய்தி வந்தும் சந்தைக்குப் புரியவில்லை என்று இன்னும் கொஞ்சம் வாங்கி ஆவரேஜ் செய்வார், அதாவது தன் சராசரி விலையைக் குறைத்துக்கொள்வார். என் நண்பர் வட்டத்திலேயே இந்த ரகம் உண்டு, வினையூக்கியில் கோபால்டா இரும்பா என்று அரை மணி நேரம் பேசுவார்கள், நிறுவனத்திடம் இன்னும் எத்தனை மாதத்துக்குப் பணம் இருக்கிறது என்று கேட்டால் பேச்சை மாற்றுவார்கள்.

எல்லாருக்கும் நஷ்டம் என்று நான் சொல்லவில்லை, செய்தி வந்த வாரத்தில் விற்று வெளியேறியவர்கள் நன்றாகவே சம்பாதித்திருப்பார்கள். அது வியாபாரம். நீங்கள் எழுதியதோ பத்து வருடம் வைத்திருக்கச் சொல்லும் தொனியில் இருந்தது. சர்வதேச விமானங்களுக்கு 2027ல் 1 சதவீதம், 2028ல் 2 சதவீதம் பசுமை எரிபொருள் கலப்பது என்று இந்தியா இலக்கு வைத்திருக்கிறது, ஆகவே இந்தப் பேச்சு இனி கூடத்தான் போகிறது.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் இதழில் என்று போட்டிருந்தீர்கள். அதில் நீங்கள் பெயர் சொல்லும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஐந்து வருடத்துக்கு முன் எத்தனை பங்கு இருந்தது, இன்று எத்தனை, கையில் ரொக்கம் எவ்வளவு, காலாண்டுக்கு எவ்வளவு கரைகிறது என்று ஒரு பெட்டிச் செய்தி போட்டால் போதும். ஆண்டறிக்கையில் எல்லாம் இருக்கிறது, எடுத்துப் போட ஒரு மாலை நேரம் ஆகும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ஈரோடு