வீட்டுப் பெயர் மட்டும் போதாது

ஐயா,

சேலத்துத் தேவாங்கர், சௌராஷ்டிரக் குடும்பங்களில் சிலர் வீட்டுப் பெயரை, அதாவது குடும்பத்துக்கு வழிவழியாக வரும் பெயரை வைத்தே வம்சாவளி தேடுகிறார்கள். பெயர் ஒன்றானதாலேயே பங்காளி ஆகிவிட முடியாது. கோத்திரமும் குலதெய்வமும் ஒத்துவர வேண்டும். இனிஷியலோ தலைமுறைக்குத் தலைமுறை மாறும், அதை நம்பவே வேண்டாம். பழைய கிரயப் பத்திரத்தைப் புரட்டுங்கள். 'இன்னார் பேரன், இன்னார் குமாரர்' என்று மூன்று தலைமுறை ஒரே வரியில் கிடைப்பதுண்டு. அதில் 'சேலம் ஜில்லா' என்றிருந்தால், ஊர் இன்றைய சேலத்தில்தான் என்று முடிவுகட்டாதீர்கள்: தர்மபுரி 1965-லும் நாமக்கல் 1997-லும்தான் பிரிந்தன. தாலுகா பெயரைப் பாருங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் (சொத்தின் பழைய பத்திரப் பதிவுகள்) பார்க்க, ஆள் பெயரைவிட கிராமமும் சர்வே எண்ணுமே உதவும். உட்பிரிவில் எண் மாறியிருந்தால் பழைய எண்ணையும் சேர்த்தே எழுதிக் கொடுங்கள்.

– வாசகர், சேலம்