செயின்சா வாங்குறப்ப சிசி மட்டும் பாத்தா போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

எந்த செயின்சா வாங்கலாம்னு உங்க பேப்பர்ல வந்த கட்டுரைய முழுசா படிச்சேன், எத்தனை சிசி, செயின் சுத்தி ஓடுற பார் எவ்வளவு நீளம், எடை எவ்வளவுன்னு எல்லாம் போட்டிருந்தீங்க, ஆனா கைப்பிடில அதிர்வு எவ்வளவு வருதுன்னு ஒரு வரி கூட இல்ல. பல வருஷமா மெஷின் பிடிச்சு மரம் அறுக்குறவன் நான், எனக்கு மொதல்ல தெரிய வேண்டியது அதுதான்.

என் பழைய மெஷின்ல ஒரு டேங்க் தீர அறுத்துட்டு நிறுத்தினா கை மரத்துப்போய் சட்டை பட்டன் போட முடியாது. அப்புறம் குளிர் காலைல இடது கைல ரெண்டு விரல் நுனி சுண்ணாம்பு தடவின மாதிரி வெளுக்க ஆரம்பிச்சுது, அதிர்வால ரத்தக்குழாயும் நரம்பும் கெட்டா இப்படித்தான் ஆகும்னு டாக்டர் சொன்னாரு. ஐரோப்பாவுல 2002லயே இதுக்கு விதி போட்டுட்டாங்க, கைக்கு வர்ற அதிர்வோட 8 மணி நேர சராசரி 5ஐ தாண்டவே கூடாது, 2.5ஐ தாண்டினாலே முதலாளி அதைக் குறைக்க வழி பண்ணணும் (மீட்டர் பர் செகண்ட் ஸ்கொயர் கணக்குல). அதிர்வு ரெண்டு மடங்கானா வேலை நேரம் பாதியாகாது, கால்வாசியாயிடும், அதாவது 10 காட்டுற மெஷின 2 மணி நேரம் பிடிச்சாலே அன்னிக்கு எல்லை முடிஞ்சுது.

இப்ப வர்ற மெஷின்ல இஞ்சினும் பாரும் ஒரு பக்கம், கைப்பிடி தனிப் பக்கம், நடுவுல ரப்பர் புஷ் இல்லன்னா இரும்பு ஸ்பிரிங். ரப்பர் புதுசுல நல்லாத்தான் இருக்கும், பிடி கெட்டியா இருக்கும், ஆனா பெட்ரோலும் ஆயிலும் பட்டுப் பட்டு உப்பும், வயசாச்சுன்னா இறுகிடும், இறுகினா அதிர்வு நேரா கைக்குத்தான் வரும். ஸ்பிரிங் அப்படி இறுகாது, ஆனா அழுத்தி அறுத்தா மெஷின் கொஞ்சம் நெளியும், சின்னக் கிளைய நுணுக்கமா வெட்டுறவங்களுக்கு அது பிடிக்காது. நாள் முழுக்க அறுக்குறவங்களுக்கு நான் ஸ்பிரிங்தான் சொல்லுவேன்.

அடுத்தது ஸ்க்ரூ, நட்டு. இதுவும் அதிர்வோட சேர்ந்த விஷயம்தான், சைலன்சர் ஸ்க்ரூ சூட்டுலயும் ஆட்டத்துலயும் தானா கழண்டு வரும். பாடி மக்னீசியமா இருந்தா இன்னும் கவனம், அது மெத்துன்னு இருக்கும், இரும்பு ஸ்க்ரூவ கோணலா ஏத்தி இறுக்கினா பாடில மரை போயிடும், அப்புறம் உள்ள புது மரை வச்சுத்தான் சரி பண்ணணும். தலைல நட்சத்திரப் பள்ளம் இருக்குற டார்க்ஸ் ஸ்க்ரூ, ஒத்தக்கோடு ஸ்க்ரூ மாதிரி டிரைவர நழுவ விடாது, ஆனா பள்ளத்துல மரத்தூள் அடைச்சிருக்கும், ஒரு ஆணியால சுரண்டி எடுத்துட்டு அப்புறம் கீய போடுங்க.

பாரையும் அது மேல வர்ற கவரையும் இறுக்குற பார் நட்டு, கவர்லயே மாட்டி நிக்குற மாதிரி இருந்தா கண்ண மூடிட்டு வாங்கலாம். என் பழைய மெஷின்ல அது தனியா வந்துடும், ஒருநாள் செயின் மாத்துறப்ப ஒரு நட்டு மரத்தூள்குள்ள விழுந்துடுச்சு, முழங்கால் போட்டு தூள ஒவ்வொரு பிடியா அள்ளி சலிச்சுப் பாத்தேன், கிடைக்கல, மிச்ச ஒத்த நட்ட வச்சு அறுக்கவும் கூடாது, அன்னிக்கு வேலை அதோட நின்னுபோச்சு.

அதனால அடுத்த தடவை டேபிள் போடுறப்ப முன் கைப்பிடி, பின் கைப்பிடி ரெண்டோட அதிர்வு அளவையும் தனித்தனியா போடுங்க சார், மெஷினோட வர்ற புத்தகத்துல இருக்கும். ரப்பரா ஸ்பிரிங்கா, பார் நட்டு கழண்டு விழுமா விழாதா, அதையும் ஒரு வரில சேருங்க.

இப்படிக்கு,
மெஷின் பிடிக்கும் வாசகன்