"அடிக்கடி சத்தம் கேட்கும்"னு சொல்ற அந்தக் கடைசி வரி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் உங்க பத்திரிகைய பல வருஷமா படிக்கிறவ. கடிதம்னு எழுதுறது இதுதான் முதல் தடவ. நீளமா போயிட்டா தாராளமா வெட்டிக்கோங்க, ஆனா போன் நம்பர் வர்ற பத்திய மட்டும் தயவுசெஞ்சு வெட்டாதீங்க.

பொண்டாட்டிய அடிச்சே கொன்ன செய்தி, குழந்தைய சித்திரவதை பண்ண செய்தி, எது வந்தாலும் கடைசியில ஒரு வரி இருக்கும். "அந்த வீட்டில் அடிக்கடி சண்டை சத்தம் கேட்கும் என அக்கம்பக்கத்தினர் தெரிவித்தனர்." அந்த வரிய படிக்கிறப்பல்லாம் எனக்கு வயித்த பிசையும். கேட்டிருக்கு, அதுவும் அடிக்கடி கேட்டிருக்கு, போலீஸ் வந்து விசாரிச்சப்புறம் சொல்றாங்க, நிருபர் மைக்க நீட்டினப்புறம் சொல்றாங்க, உயிர் இருந்தப்ப மட்டும் யார்கிட்டயும் சொல்லல. அவங்கள திட்டுறதுக்காக இத எழுதல. நானும் ஏழு மாசம் அந்த அக்கம்பக்கத்துக்காரியாத்தான் இருந்தேன்.

எங்களுக்கு மேல் வீட்டுல ஒரு தம்பதி, ஒண்ணாவது படிக்கிற ஒரு பொண்ணு. அந்த சத்தத்துக்கு ஒரு வரிசை இருந்துச்சு. முதல்ல அவர் குரல் மட்டும் கேக்கும், ஏறிக்கிட்டே போகும். அப்புறம் நாற்காலி இழுபடும். அப்புறம் தரையில ஏதோ மொத்துன்னு விழும். அதுக்கப்புறம் கொஞ்ச நேரம் ஒண்ணுமே கேக்காது, அந்த நேரந்தான் எனக்கு படபடன்னு வரும், அப்புறம் பாத்ரூம்ல குழாய் தொறக்குற சத்தம். குழாய் சத்தம் கேட்டா "அப்பாடா, எந்திரிச்சிட்டா"ன்னு நெனச்சுக்கிட்டு நான் தூங்கப் போயிருவேன். ஏழு மாசம் அப்படித்தான் தூங்கியிருக்கேன். டிவி சத்தத்த கூட்டி வச்ச நாளும் உண்டு.

புருஷன் பொண்டாட்டி சண்டை, நாம எதுக்கு நடுவுல போகணும், நாளைக்கு அவங்க ஒண்ணு கூடிக்குவாங்க, நாமதான் கெட்டவங்களா நிப்போம், இப்படி எல்லாரும் சொல்ற அத்தனையையும் நானும் எனக்கு சொல்லிக்கிட்டேன். இன்னொண்ணும் சொல்லிக்கிட்டேன், அதுதான் பெரிய தப்பு: "என்கிட்ட என்ன ஆதாரம் இருக்கு? கண்ணால பாத்தேனா?"

மாத்தினது அந்தப் பொண்ணுதான். சாயங்காலத்துல வீட்டுக்குள்ள போகாம படிக்கட்டுலயே இருக்கும். வெளையாடாது. ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் கெடக்குற செருப்ப எடுத்து ஜோடி ஜோடியா சேத்து, நுனி ஒரே கோட்டுல வர்ற மாதிரி நேரா அடுக்கும். எங்க வீட்டு செருப்பயும்தான். நான் முதல்ல அது ஏதோ பிள்ளை வெளையாட்டுன்னு நெனச்சேன். ஒரு நாள் பக்கத்துல உக்காந்து "ஏன் கண்ணு எங்க வீட்டு செருப்ப எல்லாம் நீ அடுக்குற"ன்னு கேட்டேன். நிமிந்துகூட பாக்காம, "கோணலா இருந்தா அப்பாவுக்கு கோவம் வரும் ஆன்ட்டி, அப்புறம் அம்மாவ அடிப்பாங்க"ன்னுச்சு. அம்மா மேல விழுற அடிய, யார் யார் வீட்டு செருப்பயோ நேராக்கி நிறுத்திடலாம்னு ஒரு ஆறு வயசு பிள்ளை பொறுப்பு எடுத்துக்கிட்டு உக்காந்திருக்கு. நான் பெரியவ, கையில போன் வச்சிருக்கேன், ஆதாரம் இல்லன்னு சும்மா இருக்கேன்.

அன்னிக்கு ராத்திரி உதவி எண்ணுக்கு போன் பண்ணேன். முதல் தடவ எடுத்தவங்க வேற ஒரு இடத்துக்கு மாத்தினாங்க, அங்க எடுக்கல, விட்டுடலாமான்னு கூட தோணுச்சு. ரெண்டாவது தடவ எடுத்த அம்மா பொறுமையா கேட்டாங்க. நீங்க என்ன கேட்டீங்க, என்ன பாத்தீங்க, எத்தன நாளா நடக்குது, வீட்டுல குழந்தை இருக்கா, இந்த நிமிஷம் ஏதும் ஆபத்து இருக்கா. இவ்வளவுதான். ஆதாரம் குடுங்கன்னு கேக்கவே இல்ல. நாற்காலி, மொத்துன்னு விழுற சத்தம், குழாய், செருப்பு, எல்லாத்தையும் அப்படியே சொன்னேன். என் பேர வெளியில சொல்ல வேண்டாம்னேன், சரின்னாங்க.

இந்த ஒரு விஷயத்தத்தான் படிக்கிறவங்க மனசுல போட்டுக்கணும்னு கேக்குறேன். ஆதாரம் தேடுறது நம்ம வேலை இல்ல. விசாரிக்கிறதுக்குன்னு ஆள் இருக்காங்க. நாம பாத்தத பாத்த மாதிரி, கேட்டத கேட்ட மாதிரி சொன்னா போதும். ரெக்கார்ட் பண்ணணும், போட்டோ எடுக்கணும், அந்தப் பிள்ளைய உக்கார வச்சு முழுசா விசாரிக்கணும்னு நாமளா கெளம்பினா அது கெடுதல்லதான் முடியும். குழந்தைகிட்ட திரும்பத் திரும்ப கேட்டா அது நமக்கு பிடிச்ச பதில சொல்ல ஆரம்பிச்சிடும், நாளைக்கு விசாரணையில அதுவே பிரச்சினையா நிக்கும்.

சட்டமும் இதத்தான் சொல்லுது. இந்தியாவுல 2005-ல வந்த குடும்ப வன்முறை தடுப்பு சட்டத்துல, அடிபடுற பொண்ணுதான் வந்து சொல்லணும்னு இல்ல, அப்படி நடக்குதுன்னு நம்பக் காரணம் இருக்கிற யார் வேணா, இதுக்குன்னு அரசாங்கம் நியமிச்சிருக்கிற பாதுகாப்பு அலுவலர்கிட்ட தகவல் சொல்லலாம், நல்ல எண்ணத்துல சொன்னவங்க மேல சிவிலாவும் சரி கிரிமினலாவும் சரி எந்தப் பொறுப்பும் வராதுன்னு 4-வது பிரிவுல எழுதியிருக்கு. குழந்தைகள் மேல பாலியல் குற்றம்னா 2012-ல வந்த போக்சோ சட்டம் இன்னும் ஒரு படி மேல போகுது. அங்க சொல்லலாம்ங்கிற பேச்சே இல்ல, தெரிஞ்சா சொல்லியே ஆகணும், மறச்சா 6 மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல அபராதம், இல்ல ரெண்டும். மானம் போயிடும்னு வீட்டுக்குள்ளயே பேசி முடிக்கிறவங்க, தங்களுக்கும் தண்டனை இருக்குன்னு தெரியாமலேயே அத பண்றாங்க. இலங்கையிலயும் 2005-லயே குடும்ப வன்முறை தடுப்பு சட்டம் வந்துடுச்சு, மலேசியாவுல அதுக்கும் முன்னாடி 1994-ல. சட்டம் இல்லாம இல்ல, நாம போன எடுக்கலங்கிறதுதான் குறை.

"பெத்தவங்க போய் அப்படி பண்ணுவாங்களா"ன்னு தோணுறது நமக்கு மட்டும் இல்ல, டாக்டர்களுக்கே தோணியிருக்கு. 1962-ல அமெரிக்காவுல ஹென்றி கெம்ப்னு ஒரு குழந்தை மருத்துவர் தன்கூட வேலை பாத்தவங்களோட சேந்து ஒரு கட்டுரை எழுதினார். கைக்குழந்தைய கொண்டு வருவாங்க, தானா விழுந்துடுச்சும்பாங்க, எக்ஸ்ரே எடுத்துப் பாத்தா ஒரு எலும்பு முறிவு புதுசா இருக்கும், இன்னொண்ணு பாதி ஆறியிருக்கும், இன்னொண்ணு எப்பவோ ஆறிப் போனதா இருக்கும். எலும்பு சாட்சி சொல்லியும் பெத்தவங்க மேல சந்தேகப்பட டாக்டர்களுக்கு மனசு வரலன்னு அந்தக் கட்டுரையிலயே இருக்கு. அது வந்து அஞ்சு வருஷத்துக்குள்ள அந்த நாட்டுல எல்லா மாநிலத்துலயும், சந்தேகம் வந்தா தகவல் சொல்லணும்னு சட்டம் வந்துச்சு. கவனிங்க, நிரூபிச்சா இல்ல, சந்தேகம் வந்தாலே.

எதப் பாத்தா சந்தேகப்படணும்னு கேப்பீங்க. நான் டாக்டர் இல்ல, அந்த போனுக்கப்புறம் தேடித் தேடி படிச்சதுல மனசுல நின்னத சொல்றேன். ஓடி ஆடுற பிள்ளைக்கு முட்டியில நெத்தியில காயம் இருக்கிறது சாதாரணம். தவழக்கூட ஆரம்பிக்காத குழந்தைக்கு கன்னிப்போன காயம் இருந்தா அது சாதாரணம் இல்ல, அது எங்க போய் இடிச்சிக்கும்? காது, கழுத்து, வயிறு, முதுகு, இங்கெல்லாம் விழுந்து அடிபடுறது கம்மி. ஒரே காயத்துக்கு ஆளுக்கு ஒரு கதை சொன்னா கவனிக்கணும். காயமே இல்லாத பிள்ளையும் உண்டு. நல்லா பேசிக்கிட்டிருந்தது திடீர்னு வாய மூடிக்கும், பெரிய பிள்ளை மறுபடி படுக்கைய நனைக்கும், குறிப்பிட்ட ஒரு ஆள் வந்தா மட்டும் ஒளிஞ்சிக்கும், இல்லன்னா வயசுக்கு மீறி அடக்கமா, எல்லாரையும் சமாதானப்படுத்துற பிள்ளையா இருக்கும். "எவ்வளவு பொறுப்பான பொண்ணு"ன்னு நானே அந்த செருப்பப் பாத்து ஒரு தடவ பாராட்டியிருக்கேன்.

பொண்ணுங்க விஷயத்துல ஒண்ண மட்டும் அழுத்தி சொல்லணும். கழுத்த நெரிச்சான்னு ஒரு பொண்ணு சொன்னா, அடுத்த நாள் நல்லா நடமாடுறாளேன்னு அத லேசா எடுத்துக்காதீங்க. வெளியில தடமே தெரியாம இருக்கலாம், குரல் கரகரன்னு மாறியிருக்கலாம், கண்ணு வெள்ளையில சின்னச் சின்ன செவப்பு புள்ளி இருக்கலாம். ஒரு தடவ கழுத்துல கை வச்சவன் பின்னாடி கொலையில கொண்டு போய் முடிக்கிற வாய்ப்பு பல மடங்கு கூடுதுன்னு ஆராய்ச்சி பண்ணவங்க சொல்றாங்க. அதே மாதிரி, அவ வீட்ட விட்டு கெளம்புற சமயமும், கெளம்பின புதுசும் ரொம்ப ஆபத்தான நேரம். "இவ்வளவு அடிக்கிறான், ஏன் இன்னும் அங்கயே இருக்கா"ன்னு ஈஸியா கேட்டுடுறோம், வெளிய காலெடுத்து வச்சா உயிர் போகும்னு அவளுக்கு நம்மளவிட நல்லாவே தெரியும். அதனால "விட்டுட்டு வாடி"ன்னு வீராவேசமா இழுத்துட்டு வராதீங்க, அவன் முன்னாடி போய் நியாயமும் கேக்காதீங்க. நீங்க கேட்டுட்டு வந்துருவீங்க, கதவு சாத்தினப்புறம் அதுக்கும் சேத்து வாங்குறது அவதான். தனியா இருக்கும்போது "நான் இருக்கேன், எப்ப வேணா கதவ தட்டு"ன்னு சொல்லி வைங்க. அவ போன அவன் நோண்டுவான்னு தெரிஞ்சா மெசேஜ் அனுப்பாதீங்க.

வாய் தொறந்து கேக்க முடியாதவங்களுக்குன்னு ஒரு கை சைகை இருக்கு, கனடாவுல ஒரு பெண்கள் அமைப்பு 2020-ல லாக்டவுன் நேரத்துல கொண்டு வந்தது. உள்ளங்கைய நம்மள பாத்து காட்டி, கட்டை விரல உள்ள மடக்கி, மத்த நாலு விரலையும் அது மேல மூடுவாங்க. அடுத்த வருஷமே அமெரிக்காவுல காணாமப் போன ஒரு பொண்ணு ஓடுற கார்ல இருந்து இந்த சைகைய காட்டி, பின்னாடி வண்டியில வந்தவர் புரிஞ்சுக்கிட்டு போலீஸ கூப்பிட்டு, அந்தப் பொண்ண மீட்டாங்க. காட்டுறவங்களுக்கு மட்டும் தெரிஞ்சு என்ன புண்ணியம், பாக்குறவங்களுக்கும் தெரிஞ்சிருக்கணும்.

இதுதான் வெட்ட வேண்டாம்னு கேட்ட பத்தி. உங்க பத்திரிகைய பல நாட்டுல படிக்கிறாங்க, அதனால எனக்கு உறுதியா தெரிஞ்சத எழுதுறேன். இந்தியாவுல குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, இந்த நிமிஷமே உயிருக்கு ஆபத்துன்னா 112. இலங்கையில குழந்தைகளுக்கு 1929, பெண்களுக்கு 1938. மலேசியாவுல 15999. சிங்கப்பூர்ல 1800 777 0000. வேற நாட்டுல இருக்கிறவங்க இன்னிக்கே உங்க ஊர் நம்பர தேடி போன்ல சேவ் பண்ணி வைங்க, ராத்திரி சத்தம் கேக்கும்போது கை நடுங்கும், அப்ப தேட வராது.

மேல் வீட்டுல என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. ஆள் வந்தாங்க, பேசினாங்க, போனாங்க. சத்தம் கொஞ்ச நாள் நின்னுச்சு, மறுபடி வந்துச்சு, மறுபடியும் போன் பண்ணேன். நான்தான்னு அவளுக்கு எப்படியோ தெரிஞ்சு ரெண்டு மாசம் என்கிட்ட பேசல, படியில பாத்தா தலைய குனிஞ்சுக்கிட்டு போவா, எனக்கு தூக்கமே போச்சு, தப்பு பண்ணிட்டோமோன்னு அழுதிருக்கேன். அப்புறம் ஒரு நாள் அவளே பிள்ளைய கையில பிடிச்சுக்கிட்டு, ஒரு பையோட வந்து கதவ தட்டினா. "அக்கா, அந்த நம்பர் இன்னும் வச்சிருக்கீங்களா"ன்னு கேட்டா. வேற ஒண்ணும் கேக்கல. இப்ப ரெண்டு பேரும் வேற ஊர்ல இருக்காங்க, வழக்கு நடந்துட்டு இருக்கு, எல்லாம் சரியாயிடுச்சுன்னு நான் சொல்ல மாட்டேன்.

தப்பா சந்தேகப்பட்டு ஒரு நல்ல குடும்பத்த கெடுத்துட்டா என்ன பண்றதுங்கிற பயம் நியாயமானதுதான். பழிவாங்க வேணும்னே பொய் சொல்றது வேற, அதுக்கு தண்டனை உண்டு. உண்மையா பயந்து சொன்னது தப்பாப் போச்சுன்னா, விசாரிச்சிட்டு ஒண்ணும் இல்லன்னு போவாங்க, அந்த வீட்டுக்கு ஒரு நாள் சங்கடம். அந்த சங்கடத்தையும் நாம பேசாம இருந்தா என்ன நடக்கும்ங்கறதையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துட்டு, நான் போன் பண்ற பக்கம்தான் நிப்பேன்.

உங்ககிட்ட ரெண்டு வேண்டுகோள் இருக்கு ஐயா. மனைவிய அடிச்சுக் கொன்னத "குடும்பத் தகராறு"ன்னு தலைப்பு போடாதீங்க, தகராறுன்னா ரெண்டு பக்கமும் சமமா நின்ன மாதிரி ஆயிடுது. இன்னொண்ணு, அந்தக் கடைசி வரிக்கு கீழ, அக்கம்பக்கத்தினர் தெரிவித்தனர்னு முடியுற இடத்துக்கு கீழ, அந்த நம்பர்கள ஒவ்வொரு தடவையும் போடுங்க. ஒரு அங்குல இடம் போதும்.

என் பேரும் ஊரும் போட வேண்டாம். போட்டா செருப்ப அடுக்கின பிள்ளை யாருன்னு எங்க தெருவுல தெரிஞ்சிடும், இப்ப படிக்கிற ஸ்கூல்ல அதுக்கு புதுசா கூட்டாளிங்க கெடச்சிருக்காங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி