டாக்சி நிற்க இரண்டு இடம் கொடுங்கள்: நைரோபி, அப்பர் ஹில்லில் எங்கள் அலுவலகக் கட்டடத்தின் நிர்வாகத்துக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தாருக்கு,

வணக்கம். கார் நிறுத்தும் மாத வாடகையை ஏற்றிவிட்டீர்கள். இடம் உங்களுடையது, அதைக் குறை சொல்லவில்லை. பெட்ரோல், வாடகை, நெரிசலில் தேயும் கிளட்ச் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் செயலியில் டாக்சி பிடித்து வருவதே மலிவு என்று எங்களில் பலர் காரை வீட்டிலேயே விட்டுவிட்டோம். ஆனால் அதே அறிவிப்பின் கடைசி வரியில், டாக்சிகளுக்கு வாயிலுக்குள் அனுமதி இல்லை என்று போட்டிருக்கிறீர்கள்.

ஏப்ரல் மழையில், இரவு ஏழு மணிக்கு மேல் அந்த வாயிலுக்கு வெளியே நின்று பாருங்கள். மழை வந்தாலே செயலியில் கட்டணம் எகிறும். டிரைவர் ஃபோன் செய்து, எங்கே போகணும், ரொக்கமா, எம்-பெசாவா (ஃபோன் வழிப் பணமா) என்று விசாரித்துவிட்டுத்தான் கிளம்புவார். வந்து சேர்ந்தால், உங்கள் காவலாளி சாலையோரத்தில்கூட நிற்க விடாமல் ஒரு சுற்றுச் சுற்றி வரச் சொல்கிறார். அப்பர் ஹில்லில் மாலை நேரத்தில் ஒரு சுற்று என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியாதா? பாதி டிரைவர்கள் ரத்து செய்துவிட்டுப் போய்விடுகிறார்கள். வண்டி எங்கே வருகிறது என்று பார்க்க ஃபோனை வெளியே எடுத்தாக வேண்டும். போன வாரம் எங்கள் கணக்குப் பிரிவுப் பெண் அப்படி எடுத்தபோதுதான் போடா போடாவில் (மோட்டார் சைக்கிள் டாக்சியில்) வந்தவர்கள் பறித்துக்கொண்டு போனார்கள். காவலாளி கம்பிக்கு உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் கேட்பது வாயிலுக்கு உள்ளே, கூரைக்குக் கீழே, இரண்டு டாக்சி ஐந்து நிமிடம் நிற்க இடம்.

இந்த ஊரில் வண்டியைத் தடுக்கத் தெரிந்த அளவுக்கு ஆளை ஏற்றி அனுப்ப யாருக்கும் தெரிவதில்லை. 2018 டிசம்பரில் மட்டாத்துகளை, அதாவது தனியார் மினிபஸ்களை, நகர மையத்துக்குள் விடாமல் நிறுத்தினார்கள். ஜனங்கள் கூட்டம் கூட்டமாக நடந்தார்கள், ஓரிரு நாளில் தடை போன இடம் தெரியவில்லை. மையத்தில் தெருவோரம் கார் நிறுத்தும் கட்டணத்தில் நைரோபி கவுண்டியின் 2013 நிதிச் சட்டம் 140 ஷில்லிங்கை 300 ஆக்கியது, நெரிசல் என்னவோ அப்படியேதான் இருக்கிறது. அங்கே இடமில்லை என்றுதானே கம்பெனிகள் இந்த மேட்டுக்கு வந்தன? டாக்சி செயலி நிறுவனங்கள் டிரைவரிடம் பிடிக்கும் கமிஷனுக்கு 2022இல் 18 சதவீத உச்சவரம்பு வந்தது. நிற்க இடம்தான் வரவில்லை.

சரி, ஊரை நீங்கள் திருத்த வேண்டாம். முகப்பில் இயக்குநர்களின் பெயர்ப்பலகை மாட்டிய இடங்கள் பெரும்பாலும் காலியாகவே கிடக்கின்றன. பலகைகளாவது நனையாமல் இருக்கின்றன, சந்தோஷம். அவற்றில் இரண்டை மாலை ஐந்து முதல் ஒன்பது வரை டாக்சிகளுக்கு ஒதுக்கித் தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். காவலாளிகளுக்கு உத்தரவை எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னால் ஷிஃப்ட் மாறும்போது காணாமல் போய்விடும்.

இப்படிக்கு,
நான்காம் தளத்து ஊழியர்கள் சார்பில் ஒருவர்