பள்ளி வாசல் வரை ஒரு பத்து நிமிடம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். போன கூட்டத்தில் ஓர் அம்மா கேட்டார்: "டீச்சர், பிள்ளைகளைக் காலையில் கண்ணை மூடி உட்காரச் சொல்றீங்க. எங்களுக்கும்தான் மனசு படபடன்னு இருக்கு. உட்கார எங்கே நேரம்?" அன்றைக்கு எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. இப்போது சொல்கிறேன். உட்கார வேண்டியதில்லை. எப்படியும் தினமும் நடக்கிறீர்கள், அந்த நடையே போதும்.

தாராவியில் நம் வீடுகளின் காலை எனக்குத் தெரியும். விடியுமுன் எழுந்து இட்லி ஊற்றிச் சைக்கிளில் ஏற்றி அனுப்புகிறீர்கள். தண்ணீர் வரும் நேரத்துக்குக் குடத்தோடு நிற்கிறீர்கள். பட்டறைக்கும் சயான் ஸ்டேஷனுக்கும் ஓடுகிறீர்கள். இதற்கு நடுவில் தியானத்துக்கு அரை மணி ஒதுக்குங்கள் என்று சொன்னால் அது நியாயமே இல்லை.

நடந்துகொண்டே செய்யும் தியானம் மிகப் பழையது. புத்தகயையில் புத்தர் நடந்து தியானித்ததாகச் சொல்லப்படும் பாதையை மகாபோதி கோயிலை ஒட்டி இன்றும் காட்டுகிறார்கள். அப்படி நடந்தால் ஐந்து நன்மை என்கிறது பாலி மொழியிலுள்ள பௌத்த நூலான அங்குத்தர நிகாயம்: நெடுந்தூரம் நடக்கும் வலு, முயற்சியைத் தாங்கும் திறன், உடல்நலம், நல்ல செரிமானம், நடையில் கூடிய மன ஒருமை வெகுநேரம் நிலைப்பது. எனக்குப் பெரிதாகப் படுவது கடைசியில் சொன்னதுதான்.

ஊர்ப்பக்கம் பாட்டிமார் அடிப்பிரதட்சிணம் செய்வதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு காலின் விரல்நுனியை ஒட்டி அடுத்த காலின் குதிகாலை வைத்து வைத்துப் போவார்கள். அவசரப்பட்டால் தடுமாறும். நிறைகுடத்தை இடுப்பில் வைத்து ஈரச் சந்தில் வரும்போது நீங்களும் அப்படித்தானே அடி வைக்கிறீர்கள்? அந்தக் கவனம் ஏற்கெனவே உங்கள் காலில் இருக்கிறது. இதற்கு மந்திரம் எதுவும் கிடையாது, எந்த மதத்துக்காரரும் செய்யலாம்.

போனைப் பைக்குள் போடுங்கள். வழக்கமான வேகத்திலேயே நடங்கள். குதிகால் தரையில் படுகிறது, பாதம் பதிகிறது, விரல் எழும்புகிறது. அதை மட்டும் உணருங்கள். மூச்சைத் தன் போக்கில் விட்டுவிடுங்கள். பத்து அடிக்குள் மனசு வாடகைக்கோ சீட்டுப் பணத்துக்கோ போய்விடும். சரி, போகட்டும். போனது தெரிந்ததும் அடுத்த அடிக்கு வாருங்கள். அப்படித் திரும்பி வருவதுதான் பயிற்சியே. அதனால் 'எனக்கு இது வராது' என்று தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். 90 அடி சாலையைக் கடக்கும்போது மட்டும் வேண்டாம், அங்கே கண்ணும் காதும் வண்டிகள்மேல் இருக்கட்டும். சந்துக்குள் வந்தபிறகு தொடங்கலாம்.

சயான் ஸ்டேஷனிலிருந்து பள்ளிக்கு நடந்து வரும்போது நான் இதை இரண்டு வருடமாகச் செய்கிறேன். அதற்கு முன்பெல்லாம் ரயில் நெரிசலின் எரிச்சலை வகுப்புவரை சுமந்து வந்து, தாமதமாக வந்த பிள்ளைமேல் கொட்டியிருக்கிறேன். அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. இப்போதும் கோபம் வருகிறது. ஆனால் வருவது வாசலிலேயே தெரிந்துவிடுகிறது.

பிள்ளையைக் கொண்டுவந்து விடும் அந்தப் பத்து நிமிடத்தைத்தான் உங்களிடம் கேட்கிறேன். ஒரு கையில் போன், மறு கையில் பிள்ளையை இழுத்துக்கொண்டு வரும்போது உங்கள் படபடப்பு அந்தச் சின்னக் கை வழியாக ஏறிவிடுகிறது. முதல் பீரியடில் அதை நாங்கள் பார்க்கிறோம். சின்னப் பிள்ளைகளிடம் 'கால் சத்தம் கேட்காம வா, பார்ப்போம்' என்று சொன்னால் போதும், விளையாட்டாகவே செய்வார்கள்.

திங்கள் முதல் பள்ளி மைதானம் காலை 6.40-க்கே திறந்திருக்கும். பிள்ளையை விட்டபின் ஐந்து நிமிடம் இருந்தால் சுவரோரமாக இரண்டு சுற்று நடந்துவிட்டுப் போங்கள். மழை நாளில் கீழ்த்தள வராந்தாவில் நடக்கலாம். நானும் அங்கே நடந்துகொண்டிருப்பேன். என்னைப் பார்த்து நிற்கவோ வணக்கம் சொல்லவோ வேண்டாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்